கட்டில் கால் உலை

நான் வீட்டோடு மாப்பிள்ளையாகச் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மாமனாருக்கு எட்டு விசைத்தறிகள். வீடும் தறிக்கூடமும் ஒரே சுற்றுச்சுவருக்குள். ஒரே மகள் என்பதால் மாப்பிள்ளை இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் மேலநீலிதநல்லூருக்கு அந்தப் பக்கம். வானம் பார்த்த பூமி. அந்த வருஷங்களில் வானம் எங்களைப் பார்க்கவில்லை. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். அப்பா என்னிடம் கேட்டார், நான் சரி என்றேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனி நான் புலம்பப்போவதைப் படித்துவிட்டு என் மாமனாரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள்.

அவர் நல்ல மனிதர். என் கஷ்டமே அதுதான். திட்டுகிற மாமனாரோடு சண்டை போடலாம், அடிக்கிற மாமனாரை விட்டு ஓடலாம். மீன் குழம்பில் நடுத்துண்டை மருமகனுக்கு வைக்கச் சொல்லிவிட்டு வால் துண்டைத் தான் தின்கிறவரை என்ன செய்வது? நான் செருப்பை மாட்டினால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்.

"மாப்ள, எங்கன போறீய?"

"சும்மா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும்."

"இந்த வெயில்லயா? என்ன வேணும்னு சொல்லுங்க, ஆள் விட்டு வாங்கியாருவோம். நீங்க ஏன் அலையுதீய?"

எனக்கு வேண்டியது அலைவதுதான். அதை எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருவேன். எனக்குச் சட்டைத்துணி கூட அவர்தான் எடுத்து வருவார். காலை ஏழு மணிக்குத் தறிகள் ஓடத் தொடங்கினால் நான் நினைப்பது எனக்கே கேட்காது. கரண்ட் போனால்தான் அமைதி. அப்போதெல்லாம் கரண்ட் அடிக்கடி போனது. எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்று, தெருவில் போகிற சைக்கிள் மணி காதில் விழும்போது, சாகிற வரைக்கும் இந்தச் சுவருக்குள்தானா என்ற என் நினைப்பும் கேட்கும். கரண்ட் வந்ததும் எழுந்து போய் அறுந்த இழையை முடிவேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் திருநெல்வேலியில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். உலை வேலையும் சில மாதம் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற பையன்கள் புகைக்குப் பயந்து ஒளிவார்கள். எனக்கு அதில்தான் பித்து. சிரங்கு பிடித்த கையும் இரும்பு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். என் கை நூல் பிடித்துக்கொண்டிருந்தது.

என்னோடு படித்தவன் ஒருவன் புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஆடித் தபசுக்கு வந்தவன் கூட்டத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஏலே, என் கடைக்கு ஒட்டுனாப்ல ஒரு ஓட்டுக் கொட்டகை காலியா கெடக்கு. கடப்பாறை காய்ச்சணும், ஏருக்குக் கொழு அடிக்கணும்னு நாள் தவறாம ஆள் வருது. எனக்கு வெல்டிங்தான் வரும். நீ ஒரு உலையத் தூக்கிட்டு வந்தாப் போதும். பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா, வீடு நான் பாத்துத் தாரேன்."

"எங்க மாமா விடமாட்டாவலே."

"தை பொறக்குற வரைக்கும் பாப்பேன். அதுக்குமேல கொட்டகை உனக்காகக் காலியா நிக்காது, சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்று ராத்திரி முழுக்க எனக்கு அதே கணக்குதான். உலை இருந்தால் போகலாம், இல்லையென்றால் இல்லை. புது உலை வாங்குவதற்கு நான் கேட்க வேண்டிய ஆள் மாமனார். அதனால் வாங்குவதில்லை, நானே கட்டுவது என்று முடிவு செய்தேன். ஐந்து மாதம் இருந்தது.

அடுத்த நாள் சாப்பிடும்போது மாமனாரிடம் ஒரு பொய் சொன்னேன்.

"தறிச் சாமான் ஒடைஞ்சா ராஜபாளையம் வரைக்கும் ஓட வேண்டியிருக்கு மாமா. பின்னால ஒரு சின்ன உலை போட்டா நானே அடிச்சிருவேன்."

அவர் கையில் எடுத்த சோற்றைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியாட்டி, மாப்ளைக்கு நம்ம தறி மேல எம்புட்டு அக்கறைன்னு!" என்று மகளிடம் சொன்னார். என் மனைவி எனக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே அப்பா காதுக்குப் போய்விடும் என்று நினைத்தேன். அவளை நம்பவில்லை என்று இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பொருள் தேடுகிற சாக்கில் எனக்கு வெளியே போக அனுமதி கிடைத்தது. பழைய இரும்புக் கடையில் ஒரு லாரி பிரேக் டிரம் கிடைத்தது. குப்புறக் கிடந்த அதை நிமிர்த்தினால் கனத்த இரும்புச் சட்டி, அடியில் தயாராக ஓட்டை. உலைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஓட்டையின் மேல் துளைகள் போட்ட தகடு ஒன்றை வைத்து, கீழே பழைய அடிபம்புக் குழாயை மாட்டினேன். அதே கடையில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. ஏதோ பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கினதாம், ஒரு முனையில் ஓட்டை இருந்தது. அதுதான் பட்டடைக்கல். பிறகு நான் அதில் சுத்தியலை இறக்கும்போதெல்லாம் கணீரென்று கேட்கும். "என்ன வே, இன்னைக்கும் பெல் அடிச்சாச்சா?" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கிண்டல் செய்வார்.

காற்றுக்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன். துருத்தி வைத்தால் மிதிக்க ஓர் ஆள் வேண்டும். தறிக்கூடத்து மூலையில் தார் சுற்றுகிற பழைய மிஷின் ஒன்று உடைந்து கிடந்தது. தறியில் குறுக்கே பாய்கிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டைகளில் நூல் சுற்றுவது. அதில் சுழல்கிற கம்பி, கதிர் என்பார்கள், நல்ல வேகம் தாங்கும். அதைக் கழற்றி, கடலை எண்ணெய் டின்னைக் கத்தரித்து ஆறு இறக்கை செய்து அதில் பூட்டி, இன்னொரு டின்னுக்குள் அடைத்தேன். மாமனாரின் பழைய சைக்கிள் சக்கரத்தை ஒரு கைப்பிடியோடு நிறுத்தி, இரண்டையும் தடித்த நூல் கயிற்றால் சேர்த்தேன். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே இறக்கை பல சுற்றுச் சுற்றும். முதல் நாள் சுற்றியபோது சத்தம் வந்ததே தவிரக் காற்று வரவில்லை. காற்று உள்ளே நுழைகிற துளையைச் சிறியதாக வெட்டியிருந்தேன். பெரிதாக்கியதும் குழாய் வாயில் வைத்த காகிதம் பறந்துபோய் மாட்டுத்தொட்டியில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு நான் ஒரு குதி குதித்தேன்.

இதையெல்லாம் நிறுத்திவைக்க, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட இரும்புக் கட்டில் ஒன்றின் நான்கு கால்கள். இங்கேதான் என் தந்திரம். எதையும் பற்றவைக்கவில்லை, மண்ணில் புதைக்கவில்லை. எல்லாம் போல்ட்டும் நட்டும்தான். மொத்தம் பதினான்கு. ஒரே ஸ்பானர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிரித்தால் நான்கு சாக்குமூட்டை; பஸ்ஸின் மேலே ஏற்றிவிடலாம். வெளிக்கதவுக்குப் பக்கத்தில், வடமேற்கு மூலையில் நிறுத்தினேன். கேட்டவர்களிடம் அங்கேதான் நிழல் என்றேன்.

விஜயதசமி அன்று நெருப்பு மூட்டினேன். சீமைக்கருவேலங்கரி. சக்கரத்தைச் சுற்றச் சுற்றக் கரி கறுப்பிலிருந்து சிவப்பாகி, மஞ்சளாகி, நடுவில் கண் கூசியது. ஒரு கம்பியைச் செருகி எடுத்தேன். மெழுகுபோல வளைந்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு, புகை என்று சமாளித்தேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் எல்லாரும் கோமதி அம்மனைக் கும்பிடக் கோயிலுக்குப் போன சமயத்தில், "தறிக்கு எண்ணெய் போடணும்" என்று பின்தங்கி உலையைப் பிரித்து மாட்டிப் பார்ப்பேன். முதலில் ஒரு மணி நேரம் ஆனது. கார்த்திகையில் அரை மணி நேரத்துக்கு வந்துவிட்டது. அந்த அரை மணி நேரம்தான் அந்த வீட்டில் நான் உயிரோடு இருந்த நேரம் என்றால் மிகையில்லை. போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கும்போது கை கனக்கும்.

பொய்யைக் காப்பாற்ற வேலையும் செய்ய வேண்டியிருந்தது. தறிக்குக் கொக்கி அடித்தேன், லீவர் அடித்தேன், உடைந்த கம்பிகளை ஒட்டவைத்தேன். நானே சொல்லக்கூடாது, வாங்கினதைவிட நன்றாகவே அமைந்தன. தெருவில் மற்ற தறிக்காரர்களும் உடைந்த சாமானைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மாமனார் வந்தவர்களை எல்லாம் உலை மூலைக்குக் கூட்டிவந்து காட்டுவார். "எங்க மாப்ள கையால செஞ்சது. தார் மிஷின்லேர்ந்து காத்து எடுக்காரு பாருங்க" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு கரியைக் கிளறுவேன்.

ஒருநாள் காற்று திசை மாறிப் புகை மொத்தமும் தறிக்கூடத்துக்குள் போயிற்று. தறிகளில் நீளவாட்டில் ஏற்றியிருந்த வெள்ளைப் பாவு நூல் முழுக்கக் கரும்புள்ளி. இரண்டு தறிப் பாவு வீண். அன்றைக்காவது அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். திட்டினால் நானும் ஒரு வார்த்தை சொல்வேன், அந்த வார்த்தையோடு கிளம்பிவிடலாம். அவர் பாவைத் தடவிப் பார்த்தார். என் கண் சிவந்திருந்ததைப் பார்த்தார்.

"பாவு போனாப் போவுது. உங்க கண்ணு என்ன இப்படிக் கெடக்கு? இதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்றார்.

என்ன வழி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்கழி பிறந்தது. அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் புளியங்குடிக்குப் பஸ் ஏறினேன். இரண்டு நாள் நண்பனோடு தங்கினேன். கொட்டகை அவன் சொன்னதைவிட நன்றாக இருந்தது. கூட்டிப் பெருக்கினோம். உலை எங்கே, கல் எங்கே, தண்ணீர்த்தொட்டி எங்கே என்று தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். வாசலில் எலுமிச்சை மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன, அந்த வாசனையிலேயே நின்றேன். எங்கே போகிறாய் என்று இரண்டு நாளும் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. தை முதல் வாரம் வந்துவிடுகிறேன் என்று அவன் கையில் அடித்துச் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுவது என்றும் தீர்மானித்தேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதுகூட முடிவாகிவிட்டது.

சாயங்காலம் கதவைத் திறந்து நுழைந்தேன். வடமேற்கு மூலை காலியாக இருந்தது. மண்ணில் நான்கு கால் தடம் மட்டும். திருட்டுப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது பின்பக்கமிருந்து மாமனார் கூப்பிட்டார்.

"மாப்ள, வந்துட்டீயளா! இங்கன வாங்க, இங்கன வாங்க!"

தென்கிழக்கு மூலையில் இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல் மேடை. அதன் நடுவில் என் பிரேக் டிரம் வாய் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தது. கட்டில் கால்கள் நான்கும் செங்கலுக்குள். காற்றுப் பெட்டிக்குத் தனியாக ஒரு சின்ன மேடை. மேலே புகை போகச் சுவரை ஒட்டி ஒரு கூண்டு. கொத்தனார் கடைசிப் பூச்சை மட்டக்கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார். போல்ட் தலை ஒன்றைத் தேடினேன். ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

"அந்தக் கட்டில் காலு ஆடிக்கிட்டே இருந்துச்சுல்லா. நெருப்போட உங்க கால்ல சரிஞ்சிருமோன்னு எம்மவ தெனமும் பொலம்புதா. பொகையும் உங்க கண்ணுல அடிக்குது. அதோட, வாயு மூலையில வச்சது வீட்டுல தங்காதும்பாவ. அதான் நீங்க வாரதுக்குள்ள அக்கினி மூலையில நெரந்தரமாக் கட்டிப்புட்டேன்."

நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சிமெண்டு ஏது மாமா?" என்றேன். அந்தக் காலத்தில் சிமெண்ட் பெர்மிட்டுக்குத் தாலுகா ஆபீசில் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

"குளிக்கிற ரூம்பு கட்ட வாங்கி வச்சிருந்தோம்லா, அதுதான். எம்மவதான் சொன்னா, நான் கெணத்தடியிலயே குளிச்சுக்கிடுதேன், அவுகளுக்கு மொதல்ல கட்டுங்கன்னுட்டா."

என் மனைவி அடுக்களை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டி மறைவில் குளிக்கக் கூச்சப்பட்டு, அந்தக் குளியலறைக்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தவள் அவள். "நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. சுவரெல்லாம் ஒரு முழம் நகர்ந்து கிட்டே வந்துவிட்டது. பூச்சு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. ஒரு கரண்டியால் நானே வழித்தெடுத்துவிடலாம், செங்கலைக் கையாலேயே உருவலாம். விடிந்தால் முடியாது. இப்போதே சொல்லிவிடு என்று எனக்குள் ஒருவன் துடித்தான். என்ன சொல்வது? இந்த மனிதர் நான் சொன்னதை நம்பினார், அதைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை. தறிக்காக உலை என்றேன், தறிக்காகக் கட்டிக்கொடுத்துவிட்டார்.

"நல்லாருக்கு" என்றேன்.

கொத்தனார் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏழு நாளு நெருப்பு போடாதிய. சாக்கை நனைச்சுப் போட்டு, ரெண்டு வேளையும் தண்ணி விடணும். காஞ்சா வெடிச்சிரும்."

"மாப்ளயே பாத்துக்கிடுவாரு. அவருக்கு வேலை தெரியும்" என்றார் மாமனார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் எனக்கே வந்தது. முதல் நாள் ஊற்றினேன். இரண்டாம் நாளும் ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் வாளியைத் தூக்கியவன், திடீரென்று வைத்துவிட்டேன். ஏன் ஊற்ற வேண்டும்? காயட்டும். வெடிக்கட்டும். வெடித்து உதிர்ந்தால் நான் இடித்ததாக ஆகாது. பிரித்துத்தானே ஆக வேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். மேடையே என் கட்டில் கால்களை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். சாக்கையும் எடுத்துச் சுருட்டி வைத்தேன். அன்று நல்ல வெயில். நான் தறிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

உச்சிவேளைக்கு மேடையின் ஓரத்தில் ஒரு கீற்று தெரிந்தது. தலைமுடி கனம்தான். பக்கத்தில் போய் விரலால் தடவினேன். நான் பார்க்கப் பார்க்க அது டிரம்மை நோக்கி அரை விரல் நீளம் ஓடியது. சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் எனக்கு வந்தது பதற்றம். நல்ல வேலை ஒன்று கண் முன்னால் கெட்டுக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்ற பதற்றம். இதை யாரும் நம்பமாட்டார்கள். நான் கிணற்றடிக்கு ஓடினேன். வாளி வாளியாக இறைத்து ஊற்றினேன். கொஞ்சம் சிமெண்ட் தூளைக் குழைத்துக் கீற்றில் தேய்த்தேன். சாக்கை நனைத்து, குழந்தைக்குப் போர்த்துவதுபோல நான்கு பக்கமும் இழுத்துவிட்டேன். வேட்டியெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க நின்றபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. மனைவி துண்டு கொண்டுவந்தாள். "ஏன் இப்படி ஓடுதீய, நான் ஊத்த மாட்டனா?" என்று என் தலையைத் துவட்டினாள். பஸ்ஸில் முடிவு செய்து வைத்திருந்த வார்த்தை எனக்கு நினைவுக்கு வந்தது. தலையை இன்னும் குனிந்து கொடுத்தேன்.

மறுநாள் நண்பனுக்குக் கார்டு எழுதினேன். வேறு ஆள் பார்த்துக்கொள் என்று ஒரு வரிதான். அவன் பதில் போடவில்லை.

மிச்ச நாளும் ஒரு வேளை தவறாமல் தண்ணீர் விட்டேன். ஏழாம் நாள் சாயங்காலம் மாமனார் வந்து சாக்கை விலக்கினார். மேடையைச் சுற்றிவந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கருங்கல்லைத் தட்டினது மாதிரி இருந்தது. அவர் உள்ளங்கையைப் பூச்சின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இடி விழுந்தாலும் இனி அசையாது மாப்ள. நல்லாத் தண்ணி விட்டிருக்கீய" என்றார்.

எத்தனையோ வருஷம் அந்த உலையில் வேலை பார்த்துவிட்டேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அடைபட்டுக் கிடந்ததை நான் எப்போதோ பொறுத்துக்கொண்டேன். என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்றுதான்: அவர் அப்படிச் சொன்ன அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது.